பாலத்தில் நின்ற சீதன வீடு

பெற்றோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்களே பஸ்ஸில் போகத் தொடங்கியிருந்த காலத்தில்தான் என் அண்ணைக்கு மோட்டார் ஹோம் வாங்கும் எண்ணம் வந்தது. எங்களிடம் கார் இல்லை. சைக்கிளும் இல்லை. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அண்ணை, அவர் மனைவியான மச்சாள், நான் என்று மூன்று பேர் இருந்தோம். எங்கள் அகதி வழக்கு எப்போது முடியும் என்று எங்களுக்கும் தெரியாது, அதை நடத்திய வக்கீலுக்கும் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு, அடுப்பும் கட்டிலும் கக்கூசும் உள்ளே வைத்த பஸ் அளவான ஒரு வாகனம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்காகத்தான். எனக்குச் சீதனமாகக் கொடுப்பதற்காக.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீடும் கொடுக்க வேண்டும். பெண் கறுப்பா சிவப்பா என்பதையெல்லாம் பேசிச் சமாளிக்கலாம். வீடு உண்டா இல்லையா என்பதில் சமாளிப்பு எடுபடாது. எனக்கும் ஒரு வீடு இருந்தது. அப்பா கட்டி என் பெயரில் எழுதிவைத்தது. நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே ஆமி அதற்குள் புகுந்து முகாம் போட்டுவிட்டது. அப்பா கண்மூடுவதற்கு முன், தங்கச்சியை வீடு கொடுத்துத்தான் அனுப்புவேன் என்று அண்ணையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சீதன விஷயத்தில் பெண்ணிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை ரொறன்ரோவில் இருந்தார். படம் அனுப்பியிருந்தார்கள். யாருடையதோ ஒரு காரில் சாய்ந்து நின்றார். படத்தில் கார் முழுதாக விழுந்திருந்தது, மாப்பிள்ளைக்குத்தான் உச்சந்தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. அவருக்காகத் தொலைபேசியில் பேசியவர் அவருடைய அக்காவின் புருஷன். எங்கள் வீட்டில் அவருக்கு அத்தான்காரர் என்று பெயர்.

“நாட்டில இருக்கிற வீட்டைக் காட்டாதேங்கோ. அதில ஆமிக்காரன் சமைக்கிறான்,” என்றார் அத்தான்காரர். “கனடாவில ஒரு வீடு. சின்னனெண்டாலும் பறவாயில்லை. பிள்ளையின்ரை பேரில இருக்கவேணும்.”

அண்ணை ஒரு கிரேக்கனுடைய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கோப்பை கழுவி மொன்றியலில் வீடு வாங்குவதென்றால் அவருடைய பேரப்பிள்ளையும் அதே தொட்டியடியில் நிற்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தொலைபேசியில் “ஓம், ஓம், அது பிரச்சினையில்லை” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கலியாணமே வேண்டாம் என்று நான் நிற்கவில்லை. நாள் முழுக்கத் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குச் சிப் வைத்துவிட்டு வந்து, வரவேற்பறைச் சோபாவில் படுத்து எழும்புகிறவளுக்கு, ஒரு அறையும் அதில் இருந்து கதைக்க ஒரு மனிதரும் கிடைத்தால் நல்லது என்றுதான் இருந்தது. அந்த மனிதர் என்னோடு கதைக்க வேண்டும். நான் கேட்ட சீதனம் அவ்வளவுதான். ஆனால் உனக்கு என்ன சீதனம் வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான் கொடுக்கும் பக்கத்தில் இருந்ததால்.

அண்ணை ஆற்றுக்கு அப்பால் லவாலில் யாருக்கோ வீடு மாற உதவப் போயிருந்தபோதுதான் அதைக் கண்டார். பழைய வாகனங்கள் விற்கும் ஒரு திடல். அதில் மோட்டார் ஹோம்கள் வரிசையாக, கேட்பாரற்று நின்றன. பெற்றோலைக் குடித்துத் தள்ளும் அந்தச் சாமான்களை அந்த வருடம் நாயும் மோந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு அண்ணை ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

“கட்டில் இருக்கு. குசினி இருக்கு. குளிக்கிற இடம், கக்கூஸ், அலுமாரி, கதவுக்குப் பூட்டு. வேறை என்ன வேணும் ஒரு வீட்டுக்கு?”

“நிலம்,” என்றேன்.

“இந்த நாட்டில மேல்மாடியில இருக்கிறவைக்கும் நிலமில்லைத்தானே!” என்றார். அண்ணை அப்படித்தான், பத்து மடத்தனத்துக்கு நடுவில் ஒரு நல்ல பதிலைச் செருகிவிடுவார்.

மச்சாள் மட்டும் நிதானமாகக் கேட்டார். “இஞ்சேருங்கோ, தெருவில ஸ்னோ வாரிற நாளையில மாநகரசபைக்காரன் சங்கு ஊதினவுடன எல்லா வாகனமும் மற்றப் பக்கம் போகவேணும். போகாட்டி கட்டி இழுத்துக்கொண்டு போயிடுவான். புதுசாக் கலியாணம் கட்டினதுகள் உள்ளுக்கை படுத்திருக்கேக்கை வீட்டை இழுத்துக்கொண்டு போனால்?”

“அப்ப எழும்பி ஓட்டவேண்டியதுதான்.”

“பெற்றோல்?”

அண்ணை அதற்குள் குளியலறைக்குப் போய்விட்டார். பெற்றோல் என்ற சொல் வந்தால் அவருக்கு முகம் கழுவ வேண்டியிருக்கும்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் லவாலுக்குப் போனார். விற்பனைக்காரன் கியூபெக்காரன், பெரிய மீசை, வாய் நிறையச் சிரிப்பு. அண்ணையைக் கண்டால் “பொன்ஜூர்” என்று திடலின் மறுமுனையிலிருந்தே கை காட்டுவான். ஒவ்வொரு ஞாயிறும் விலையைக் கொஞ்சம் குறைத்தான். அண்ணை அதைத் தன்னுடைய பேரம் பேசும் கெட்டித்தனம் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டார். அவன் குறைத்ததற்குக் காரணம் திடல் மூலையிலிருந்த பெற்றோல் கடையின் விலைப்பலகை. அதில் இலக்கம் ஏற ஏற, அண்ணையின் கெட்டித்தனமும் ஏறியது.

இதற்கிடையில் மேல்மாடியிலிருந்த மாஸ்ரரும் வந்து சேர்ந்தார். அவர் மட்டக்களப்பில் புவியியல் படிப்பித்தவர். வீட்டுக்கு மனை பார்ப்பதிலும் கைதேர்ந்தவர் என்று அவரே சொன்னார். புவியியலும் சாத்திரமும் அவருக்குள் சண்டை பிடிக்காமல் குடியிருந்தன. சட்டைப்பையில் ஒரு திசைகாட்டி எந்நேரமும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அண்ணையோடு லவாலுக்குப் போய் மோட்டார் ஹோமுக்கு மனை பார்த்துவிட்டு வந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீர் கொடுத்தேன்.

“வாசல் வலப்பக்கம்,” என்றார் மாஸ்ரர் மிகவும் கவலையோடு. “வண்டி வடக்கைப் பார்த்து நிண்டால் வாசல் கிழக்கு. உத்தமம். ஆனா உங்கட தெரு ஒருவழிப்பாதை. இதில நிப்பாட்டினால் தெற்கைத்தான் பார்க்கும். வாசல் மேற்கு. அக்கினி மூலையில அடுப்பு இருக்கவேண்டிய இடத்தில கக்கூஸ் வருகுது.”

“ரிவேர்சில வந்து நிப்பாட்டினால்?” என்று அண்ணை கேட்டார்.

மாஸ்ரர் கண்ணை மூடி யோசித்தார். “சாத்திரத்துக்குச் சரி. பொலிசுக்குச் சரிவராது.”

“வீடு ஓடேக்கை என்ன செய்யிறது மாஸ்ரர்?” என்றேன். “ஒவ்வொரு முடக்கிலும் அக்கினி மூலை திரும்புமே.”

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. போதாக்குறைக்கு, மொன்றியல்காரர் வடக்கு என்று சொல்லும் பக்கமும் திசைகாட்டி வடக்கு என்று காட்டும் பக்கமும் ஒன்றில்லை. மனுஷன் அந்த வாரம் முழுக்க மெலிந்து போனார்.

கடைசியில் அண்ணை வாங்குவதென்று முக்கால்வாசி முடிவெடுத்தார். மிச்சக் கால்வாசியை மாப்பிள்ளை பகுதி வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, அத்தான்காரர். பெண் பார்க்கத்தான் வந்தார்கள் என்று நான் நினைத்துச் சேலை கட்டி நின்றேன். அக்கா என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். “சரி, வீட்டைப் பாப்பம்,” என்றார்.

மாப்பிள்ளை ஆள் பார்க்கப் பிழையில்லை. வடிவான மேல்கோட்டு, பளபளக்கும் சப்பாத்து. நான் “வாங்கோ” என்றதற்குத் தலையை ஆட்டினார். சரி, கூச்சம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நேரம் மனம் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. கூச்சமுள்ள ஆண்களை எனக்குப் பிடிக்கும்.

மச்சாள் மத்தியானச் சாப்பாடு சமைக்க வீட்டில் நின்றுகொண்டார். மாஸ்ரரும் சேர்ந்து மற்ற எல்லோரும் ஒரு தெரிந்தவரின் இரவல் காரில் நெருக்கி ஏறி லவாலுக்குப் போனோம். விற்பனைக்காரன் எங்களைக் கண்டு அகமகிழ்ந்து போனான். எத்தனையோ மாதமாக அண்ணையையும் மாஸ்ரரையும் தவிர ஒருவரும் ஏறாத வாகனத்துக்குள் சேலையும் கோட்டுமாக ஆறு பேர் ஏறுவதைக் கண்டால் யார்தான் மகிழமாட்டார்கள்?

அக்கா நேரே குசினிக்குப் போனார். அலுமாரிகளைத் திறந்து திறந்து மூடினார். சுவரில் தட்டிப் பார்த்தார். கட்டிலில் இருந்து எழும்பிப் பார்த்தார். கக்கூஸ் கதவைத் திறந்தவர், “இது எங்கை போகுது?” என்று கேட்டார். கீழே ஒரு தாங்கி இருக்கிறது, நிறைந்தால் கொண்டுபோய் ஊற்ற வேண்டும் என்று அண்ணை விளக்கினார். “ஆர் ஊத்துறது?” என்றார் அக்கா. அண்ணை என்னைப் பார்த்தார். என் சீதனத்தின் முழு விபரமும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அத்தான்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஓடிப் பாக்கவேணும். உங்கட வாசலில நிப்பாட்டிப் பாக்கவேணும்,” என்றார். விற்பனைக்காரன் இரவல் காரைப் பிணைக்கு நிறுத்திவைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான். கொடுக்கும்போது, இதற்குள் பெற்றோல் ஒன்றுமில்லை, முதலில் மூலைக் கடையில் அடியுங்கள் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னான். எல்லோரும் கேட்டோம். அண்ணையும் கேட்டார்.

மூலைக் கடையின் பலகையைப் பார்த்ததும் அண்ணையின் கால் பிரேக்கில் போகவில்லை. “இவன் கொள்ளைக்காரன். அங்கால மலிவாயிருக்கும்,” என்றார். அங்கால இருந்தவன் இன்னும் பெரிய கொள்ளைக்காரன். அதற்கும் அங்கால இருந்தவனிடம் இரண்டாமவனின் விலைதான், ஆனால் முதலாமவனிடம் திரும்பிப் போக அண்ணைக்கு மானம் விடவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான். கடைக்குக் கடை ஏறி இறங்காமல் ஒரு கத்தரிக்காய் வாங்கமாட்டோம். கத்தரிக்காய் தேடி அலைகிறபோது கத்தரிக்காய் செலவாவதில்லை. இதை அண்ணைக்கு எடுத்துச் சொல்ல அந்த வாகனத்தில் ஒருவருமில்லை, ஏனென்றால் அத்தான்காரரும் மாஸ்ரரும் பக்கத்தில் இருந்து, “ஓமோம், இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பம்” என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்ரர் திசைகாட்டியைத் தொடையில் வைத்துக்கொண்டு, முடக்குக்கு முடக்கு “இப்ப வாசல் தெற்கு... ஐயோ... இப்ப பறவாயில்லை” என்று வீட்டுக்கு மனை சொல்லிக்கொண்டு வந்தார்.

மொன்றியலுக்குப் போகும் பாலத்தில் ஏறி நடுப்பகுதிக்கு வந்தபோது இயந்திரம் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அந்த அமைதியில் மாஸ்ரரின் குரல் மட்டும் கேட்டது. “வாசல் மேற்கு.”

பிறகு பின்னால் ஹார்ன் சத்தம் தொடங்கியது. பாலம் முழுக்கக் கார்கள் எங்களுக்குப் பின்னால் அடைபட்டு நின்றன. அண்ணையும் மாஸ்ரரும் இறங்கித் தள்ளினார்கள். அது அசையவில்லை. அத்தான்காரர் இறங்கி, தள்ளாமல், எப்படித் தள்ள வேண்டும் என்று சொன்னார். மாப்பிள்ளை முன் இருக்கையில் அப்படியே இருந்தார். கீழே கிடந்த தண்ணீரையும் தன் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணை அவரிடம் உதவி கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

கடைசியில் அண்ணை தன்னிடமிருந்த ஒரேயொரு கோட்டோடு, குளிர்காற்றுக்குள், வந்த வழியே லவாலுக்கு நடந்தார். தான் விட்டுவிட்டு வந்த கொள்ளைக்காரனிடமே போனார். நான் பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். அடைபட்டு நின்ற கார்க்காரர்கள் ஒவ்வொருவரும் கண்ணாடியை இறக்கி அவரை ஏசினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். எனக்கு அவருடைய மடத்தனத்தில் எரிச்சலும் வந்தது, அந்தக் குனிந்த தலையைக் கண்டு அழுகையும் வந்தது.

அவர் இல்லாத நேரத்தில் உள்ளே பெரிய மாநாடு நடந்தது. அக்காவும் அத்தான்காரரும் என் முன்னாலேயே, நான் அங்கிருந்த அலுமாரிகளில் ஒன்று என்பதுபோல, பேசி முடித்தார்கள். அண்ணை பெற்றோல் நிரப்பிய சிவப்புத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், அதை நிலத்தில் வைக்கக்கூட விடாமல் அத்தான்காரர் தொடங்கினார்.

“எங்களுக்கு வீடு பிடிச்சிருக்கு. ஆனா இது பெற்றோல் குடிக்குது. ஓடாட்டி இது வீடுமில்லை, வாகனமுமில்லை. அப்ப பெற்றோலையும் சீதனத்தோட சேர்க்கிறதுதான் முறை. மாதா மாதம் நீங்கள் அனுப்பிவிட்டால் சரி.”

“எவ்வளவு காலத்துக்கு?” என்றார் அண்ணை.

“வீடு இருக்கிற காலம் வரைக்கும்.”

இவ்வளவு நேரத்தில் முதல் முறையாக மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஏதோ ஒரு மனிதச் சொல் வரப்போகிறது, “அத்தான், இது கூடிப்போச்சு” என்று சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

“அண்ணை,” என்றார் மாப்பிள்ளை, “ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தினை மைல் ஓடும்?”

காலையிலிருந்து அவர் என் பெயரைக் கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறேன், இந்த நாடு பிடித்திருக்கிறதா, கேட்கவில்லை. அண்ணை தகரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். அவருடைய வாய் “ஓ...” என்று குவிந்தது. அடுத்து “ஓம்” வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்துக்காக அவர் இன்னொரு கிரேக்கனிடமும் கோப்பை கழுவுவார், அந்த வாகனம் துருப்பிடித்து விழும்வரைக்கும்.

“அண்ணை, எனக்கு இந்த ஆள் வேண்டாம்,” என்றேன். ஹார்ன் சத்தத்துக்கும் மேலால் கேட்கிறமாதிரித்தான் சொன்னேன். “வீட்டைப் பற்றிச் சொல்லேல்லை. ஆளைச் சொல்லுறன். பெற்றோலை ஊத்துங்கோ, போவம்.”

“வாய் கூடின பொம்பிளை,” என்றார் அக்கா.

“ஓம் அக்கா. அதுக்குப் பெற்றோல் தேவையில்லை,” என்றேன்.

அண்ணை பெற்றோலை ஊற்றினார். பாதி அவருடைய கோட்டில் போனது. வாகனத்தைத் திருப்பிக் கொண்டுபோய் லவாலில் விட்டுவிட்டு, இரவல் காரில் வீட்டுக்கு வந்தோம். மறுப்புச் சொன்ன வீட்டில் சாப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன். மூவரும் வந்து மச்சாளின் ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்கள். அத்தான்காரர் ரொறன்ரோ பஸ்ஸுக்கும் கொஞ்சம் கட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அண்ணை என்னோடு கதைக்கவில்லை. “சோத்தைப் போடச் சொல்லு” என்று மச்சாளிடம் சொல்வார், நான் அதே மேசையில் இருக்கும்போதே. கடைத்தெருவில் யாராவது கேட்டால், “பெற்றோல் விலை ஏறிப்போச்சு, அதால அந்தக் கதையை விட்டிட்டம்” என்று சொன்னார். சனங்கள் அவருடைய முன்யோசனையை மெச்சினார்கள். மாப்பிள்ளை பகுதிக்கும் அவர் அப்படித்தான் கடிதம் போட்டிருந்தார். தங்கச்சி ஆளை வேண்டாமென்றாள் என்று சொல்வதைவிட, பெற்றோலின் தலையில் பழியைப் போடுவது கௌரவம். அரேபியாக்காரர்களுக்கு என் கலியாணம் குழம்பியதில் தாங்கள் சம்பந்தப்பட்டது தெரியாது.

குளிர்காலம் முடிகிற நேரம் பெற்றோல் விலை விழுந்தது. ஒருவரும் எதிர்பாராத அளவுக்கு, வாரத்துக்கு வாரம் விழுந்தது. தெருவில் எல்லோருக்கும் சந்தோசம். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. அண்ணை எடுத்தார். அத்தான்காரரின் குரல் குசினி வரைக்கும் கேட்டது.

“இப்ப விலை நல்லா இறங்கிட்டுது. நீங்கள் எழுதின பிரச்சினை தீர்ந்துது. இனி என்ன, நாளைப் பாப்பமோ?”

மச்சாள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். நான் கையில் ஈரத்தோடு குசினி வாசலில் நின்றேன். அண்ணை ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த மனுஷனுக்கு “ஓம்” என்பதைத் தவிர வேறு சொல் தொலைபேசியில் வந்து நான் கேட்டதில்லை.

“பெற்றோல் விலை எண்டு நான் எழுதினது பொய்,” என்றார் அண்ணை. “என்ரை தங்கச்சிக்கு உங்கட பெடியனைப் பிடிக்கேல்லை.”

அந்தப் பக்கக் குரல் இறங்கிவிட்டது, என்ன சொன்னார்களோ தெரியாது. அண்ணை, “கதைச்சது காணும்,” என்று சொல்லி ரிசீவரை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், “பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடு,” என்றார். மச்சாளிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.